நாற்பத்தோராவது பத்தி

முப்பத்தொரு வருடமாக ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கிறேன். கோப்பு அடுக்குவேன், தாக்கல் செய்வேன், தமிழ் மட்டும் தெரிந்த கட்சிக்காரர்களுக்கு ஆங்கிலக் காகிதங்களைச் சொல்லிப் புரியவைப்பேன். ஆனால் என்னைக் கேட்டால் என் வேலை ஒன்றே ஒன்றுதான். வழக்குத் தாளை எதிராளியின் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. வீட்டில் ஆள் இல்லை, கதவு திறக்கவில்லை, விலாசம் தப்பு என்று சொல்லி ஒரு தாளையும் நான் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் கொடுத்திருக்கிறேன். மகள் கல்யாணத்தில் வாசலில் நின்று சந்தனம் கொடுத்தவரிடம், சந்தனத்தையும் வாங்கிக்கொண்டு, சம்மனைக் கொடுத்திருக்கிறேன். "ரகுபதி கிட்ட குடுத்தா போய்ச் சேர்ந்துரும்" என்று மற்ற அலுவலகத்துக்காரர்களே சொல்வார்கள். அந்தப் பேச்சு என் தலைக்கு ஏறி ரொம்ப நாளாகிவிட்டது. அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை. பாக்கியலட்சுமி அக்கா கொடுத்தார்.

போன வெள்ளிக்கிழமை காலை உயர் நீதிமன்றத்தில் அவருடைய வழக்கில் தீர்ப்பு. பின் வரிசையில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீதிபதி ஆங்கிலத்தில் படிக்கப் படிக்க நான் அவர் காதோடு தமிழில் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அது எப்போதும் என் பொறுப்பு. நீதிபதி முழுவதையும் படிக்கவில்லை, முக்கியமான பத்திகளை மட்டும் எண் சொல்லிப் படித்தார். நாற்பது வரைக்கும் நான் ஒழுங்காகச் சொன்னேன். நாற்பத்தொன்றில் என் வாய் நின்றுவிட்டது.

அக்கா முழங்கையால் இடித்தார். "என்ன தம்பி சொல்றாரு?"

"சட்டம் பேசுறாரு அக்கா" என்றேன்.

அந்தப் பத்தியில் நான் இருந்தேன். பெயர் இல்லை. 'வாதியின் வழக்கறிஞரிடம் பணியாற்றும் கிளார்க்' என்று இருந்தது. வேறு யாருக்கும் அது ஒரு பொருட்டில்லை. எனக்கு அது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். அக்காவுக்கு அறுபத்தேழு வயது. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் பெயரில் ஒரு கடைவீடு இருக்கிறது. மேலும் கீழுமாக இரண்டு தளம். அவரும் கணவர் சுந்தரமும் கீழே மிளகாயும் மல்லியும் அரைக்கும் மில் நடத்தினார்கள். கடைவீடு என்றதும் கோடீஸ்வரி என்று நினைத்துவிட வேண்டாம். அது குத்தகை நிலம். குத்தகையில் பதினான்கு வருடம்தான் மிச்சம், வங்கிகள் அதன் மேல் கடன்கூடக் கொடுக்காது. சுந்தரம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது மில்லை மூடினார்கள். வைத்தியத்துக்கும் மில்லின் பழைய கடனுக்கும் பூன் லேயில் குடியிருந்த ஃபிளாட்டை விற்றார்கள். கடைவீட்டை மூன்று வருடத்துக்கு வாடகைக்கு விட்டார்கள். அண்ணன், நோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் தாதிமை இல்லத்துக்குப் போனார். அக்கா புக்கிட் மேராவில் தங்கை வீட்டு ஹாலில் பாய் விரித்துக்கொண்டார்.

மூன்று வருடம் என்று கணக்குப் போட்டதற்குக் காரணம் இருந்தது. அதற்குள் கையில் கொஞ்சம் சேரும், பிறகு குடியிருப்பவரிடமிருந்து வீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மில் இருந்த இடத்தில் ஒரு கட்டிலைப் போட்டு, அண்ணனைக் கொண்டுவந்து தானே பார்த்துக்கொள்வது. அக்காவுக்கு வேறு ஆசையே கிடையாது. "அந்த எடத்துல எட்டுப் பேரோட ஒரே ரூம்ல படுத்துக் கெடக்காரு தம்பி. ராத்திரி தண்ணி கேட்டா யாருக்குப் புரியும்? அவரு பேசுறது எனக்கு மட்டுந்தான் புரியும்" என்பார். அண்ணனின் இதயமும் பலவீனமாகிக்கொண்டு வந்தது. இரண்டு வருடம் ஓடினால் பெரிய விஷயம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வாடகைக்கு வந்தது ஒரு வெளிநாட்டு அரசு. நாட்டின் பெயர் வேண்டாம், எனக்கு இனிமேல் வழக்கு எதுவும் தாங்காது. சின்ன நாடு. தங்கள் ஊர்ச் சரக்கை இங்கே விற்க ஒரு வணிக அலுவலகம் திறந்தார்கள். வாடகையோடு வீட்டு வரியையும் நாங்களே கட்டுகிறோம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அரசாங்கமே குடிவந்தால் வாடகை எங்கே போய்விடும் என்று அக்கா சந்தோஷப்பட்டார். நானாக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

மூன்று வருடம் முடிந்தது. அவர்கள் போகவில்லை. வாடகை நின்றது, வரியும் நின்றது. கேட்டால் "நாங்கள் ஓர் அரசு" என்று ஒரு வரியில் பதில் வந்தது. வரி அலுவலகத்தின் கடிதம் மட்டும் தவறாமல் அக்கா பெயருக்கு வந்தது. அரசாங்கத்தின் வாடகை ஃபிளாட்டுக்கு மனுப் போடலாம் என்றால், சொந்தமாகக் கடைவீடு வைத்திருப்பவருக்கு அது கிடையாது. அண்ணனுக்கு உதவித்தொகை கேட்டால் அதே பதில். காகிதத்தில் அக்கா வசதியானவர். அந்த வசதியானவர் தங்கை பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள் என்று அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே சிமென்டு பெஞ்சில் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்திருப்பார்.

அப்போதுதான் எங்களிடம் வந்தார். என் முதலாளி நிவேதிதாவுக்கு முப்பத்தைந்து வயது, நல்ல கெட்டிக்காரி. வீட்டைக் காலி செய்யவும் வாடகை, வரிப் பாக்கியைத் தீர்க்கவும் கேட்டு வழக்குப் போட்டார். போட்ட அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"அங்கிள், இது மத்த கேஸ் மாதிரி இல்ல. அவங்க ஒரு கவர்ன்மென்ட். நேர்ல போய்க் குடுத்தா செல்லாது. நம்ம வெளியுறவு அமைச்சு வழியா அவங்க ஊரு அமைச்சுக்குப் போகணும். ஆறு மாசம் டைம் இருக்கு, அதுக்குள்ள போய்ச் சேரணும். பேக்கெட் ரெடி பண்ணிடுங்க லா."

ரெடி பண்ணினேன். இரண்டு செட், அவர்கள் மொழியில் மொழிபெயர்ப்பு, அமைச்சுக்கு விண்ணப்பப் படிவம், எல்லாம் ஒரு பெரிய பழுப்பு உறையில். மறுநாள் அனுப்ப வேண்டியது. அன்று சாயங்காலம் அக்கா வந்தார். இப்படிப் போனால் மூன்று நான்கு மாதம் ஆகும் என்றேன். என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அண்ணன் சாப்பிடுவதைக் குறைத்துவிட்டாராம். "நாலு மாசம்னா அவரு இருப்பாரா தம்பி?" என்றார்.

எனக்கு அந்தக் கடைவீட்டு வாசல் காவலாளியைத் தெரியும். முகைதீன் பாய். அந்தச் சந்தில் எப்போது போனாலும் அவரோடு நின்று ஒரு டீ குடிப்பேன். அமைச்சு, அங்கிருந்து விமானம், அங்கே இன்னோர் அமைச்சு, பிறகு திரும்ப இங்கே என்று உலகத்தைச் சுற்றிக்கொண்டு போகிற காகிதம், எங்கள் அலுவலகத்திலிருந்து நடந்தால் பதினைந்து நிமிடம். எனக்குச் சிரிப்பாக வந்தது. மேடம் படித்த பிள்ளை, புத்தகத்தைப் பார்த்துப் பேசுகிறது, ஆளைப் பார்த்து வேலை செய்யத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் போனேன். பாய் கதவைத் திறந்துவிட்டார், உள்ளே ஓர் அதிகாரி சிரித்துக்கொண்டே தாளை வாங்கினார், நகலில் 'பெற்றுக்கொண்டோம்' என்று முத்திரை குத்தி, எங்கள் பேச்சில் சாப் அடித்து, தந்தார். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. சாப் அடித்த தாளைப் பார்த்ததும் எனக்குப் பழுப்பு உறை தேவையில்லாத வேலையாகப் பட்டது. எடுத்து டிராயரில் போட்டேன்.

நிவேதிதா மேடம் அப்போது வேறொரு பெரிய வழக்கில் மூழ்கிக் கிடந்தார். தாழ்வாரத்தில் ஓடிக்கொண்டே, "அங்கிள், பாக்கியலட்சுமி ஆன்ட்டி பேப்பர் போயாச்சா?" என்று கேட்டார்.

"போயாச்சு மேடம். சாப்பே வாங்கிட்டேன்" என்றேன்.

எப்படிப் போயிற்று என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் திட்டுவார் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை. சேர்த்ததற்கான சத்தியப் பத்திரத்தை எப்போதும் அடிக்கிற படிவத்திலேயே தேதியை மட்டும் மாற்றி அடித்தேன். எதிர்த்தரப்பு பதில் தரவில்லை, யாரும் வரவும் இல்லை. அந்த அதிகாரி ஏன் அப்படிச் சிரித்தார் என்பது எனக்கு ரொம்பப் பிறகுதான் புரிந்தது. எதிர்ப்பு இல்லாததால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அக்காவுக்குத் தீர்ப்புக் கிடைத்தது.

அந்த வாரம் நான் தரையில் நடக்கவில்லை. அக்கா ஒரு டின் நிறைய அதிரசம் சுட்டுக் கொண்டுவந்தார். "என் வயித்துல பாலை வார்த்தீங்க தம்பி. வக்கீலம்மா நாலு மாசம்னாங்க, நீங்க அஞ்சு நிமிசத்துல முடிச்சிட்டீங்க" என்றார். நான் மறுக்கவில்லை. இல்லத்துக்குக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். கணவரை வீட்டுக்கு அழைத்துப்போகிறேன், படுக்கையை விட்டுக்கொடுக்கிறேன் என்று நான்தான் எழுதினேன். அவரோடு நானும் போனேன். அண்ணன் என் கையை இடது கையால் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். அக்கா, "எப்போன்னு கேக்குறாரு" என்றார். "அடுத்த மாசம் அண்ணே" என்றேன். அந்த மனுஷன் அழுதார். இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த மாதம் நீதிமன்றத்து ஆட்கள் காலி செய்யப் போனபோது வாசலில் ஒரு கொடி பறந்தது. பித்தளைப் பலகை மாட்டியிருந்தது. வணிக அலுவலகத்தை அந்த நாடு தூதரகமாக மாற்றியிருந்தது. அதற்குத் தேவையான எல்லா அனுமதியும் முறைப்படி வாங்கியிருந்தார்கள். தூதரகத்துக்குள் நீதிமன்றத்து ஆட்கள் நுழைய முடியாது. வாசலோடு திரும்பினார்கள். மறு வாரமே அவர்கள் பக்கத்து வக்கீல் வந்து, எங்களுக்கு வழக்குத் தாள் முறைப்படி வந்து சேரவே இல்லை, தீர்ப்பை ரத்து செய்யுங்கள் என்று மனுப் போட்டார். என்னை உள்ளே விட்ட முகைதீன் பாயை அங்கிருந்து மாற்றி, ஊர்க் கோடியில் கிராஞ்சியில் ஊழியர் விடுதி வாசலில் போட்டுவிட்டார்கள். மனுவைப் படித்துவிட்டு மேடம் என் மேசைக்கு வந்தார். டிராயரைத் திறக்கச் சொன்னார். உறையைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்போதே அக்காவிடம் சொல்லியிருக்கலாம். மேடம் சொல்லத்தான் நினைத்தார். நான்தான் கெஞ்சினேன். "மேடம், கேஸ் ஜெயிச்சாலும் ஜெயிச்சிரும். தீர்ப்பு வரட்டும், நானே சொல்றேன்" என்றேன். அவரும் அதை நம்ப ஆசைப்பட்டார். இப்படி எட்டு மாதம். இல்லத்தில் அண்ணனுடைய படுக்கையை வேறொருவருக்குக் கொடுப்பதை அவர்களும் பெரிய மனது பண்ணி இரண்டு தடவை தள்ளிவைத்தார்கள். தீர்ப்பு நாளன்று மாலைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று கடைசியாக எழுதியிருந்தார்கள்.

இனி தீர்ப்பு. வரியைப் பற்றி நீதிபதி தெளிவாகச் சொன்னார். வீட்டு வரி வீட்டின் உரிமையாளரைச் சேர்ந்தது. வெளிநாட்டு அரசுக்கு உள்ள விலக்கு அந்த அரசுக்குத்தான், அதற்கு வீடு கொடுத்தவருக்கு அந்த விலக்கு வராது. குடியிருப்பவர் கட்டுவதாகச் சொன்னது அவர்கள் இருவருக்குள் இருக்கும் பேச்சு, வரி அலுவலகத்தை அது கட்டுப்படுத்தாது. இதை நான் அக்காவுக்குச் சொன்னேன். "அப்ப அவங்க இருக்குற வீட்டுக்கு நான் வரி கட்டணும்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார். அடுத்து நாற்பதாவது பத்தி. வியாபாரம் செய்ய எடுத்த இடத்துக்கு ஓர் அரசு விலக்குரிமை கோர முடியாது, ஆகவே வழக்குப் போட்ட நாளில் இந்த வழக்கு நியாயமாக நிற்கக்கூடியதுதான் என்றார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். முகம் மலர்ந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் நாற்பத்தொன்றைக் கேட்டேன்.

மேலே சொன்னேனே, சட்டம் பேசுகிறார் என்று. அதற்குப் பிறகு நீதிபதி, வாதியின் நிலைமைக்கு மிகவும் வருந்துகிறேன் என்றார். முன்பு கொடுத்த தீர்ப்பு ரத்து என்றார். எல்லோரும் எழுந்து தலை வணங்கினார்கள். அக்காவும் எழுந்து வணங்கினார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஜெயிச்சிட்டமா?" என்றார்.

"இல்ல அக்கா."

வெளியே மேடம் வந்தார். அவர் கண் சிவந்திருந்தது. "ஆன்ட்டி, ஐயம் சாரி. வீடு இனிமே கெடைக்காது" என்றார். என் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில், "நான் திங்கக்கிழமை ஆன்ட்டிக்கு லெட்டர் அனுப்பணும் அங்கிள். வேற லாயரப் பாக்கச் சொல்லணும். அதுக்கு முன்னாடி நீங்க சொல்றேன்னு சொன்னீங்க" என்று தீர்ப்பின் அச்சுப் பிரதியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அக்காவுக்கு நேராகத் தங்கை வீட்டுக்குப் போக மனமில்லை. டெக்கா சந்தையில் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் பக்கம் போனோம். காலைக் கூட்டம் வடிந்து மதியக் கூட்டம் வராத நேரம். ஓர் ஓரமான மேசை கிடைத்தது. இரண்டு டீ வாங்கிவந்தேன். அக்கா டீயைத் தொடாமல் ஒரு கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு சங்கிலியும் நான்கு வளையலும்.

"மேல் கோர்ட்டுக்குப் போவோம் தம்பி. இத வச்சுப் பண்ணலாமா? நம்ம பக்கம் நியாயம் இருக்குன்னு அவரே சொன்னாருல்ல. நீங்கதான சொன்னீங்க."

"பண்ண முடியாது அக்கா."

"ஏன் முடியாது? எதுல தோத்தோம்னு சொல்லுங்க. படிச்சுக் காட்டுங்க, நான் கேக்குறேன்."

பிரதியைப் பிரித்தேன். நாற்பதிலிருந்து நாற்பத்திரண்டுக்குத் தாவிவிடலாம், இவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று புத்தி சொல்லிற்று. பொய் சொல்லவில்லை, அந்த எண்ணம் வந்தது. எதிரே மேசையில் அந்த நகை இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டால் அதுவும் போகும். படித்தேன்.

"நாப்பத்தொண்ணு. வழக்குத் தாள் வெளியுறவு அமைச்சு மூலமாப் போயிருக்கணும். போகல. வக்கீலோட கிளார்க் ஒருத்தர் அத அந்த அலுவலகத்துலயே நேர்ல குடுத்திருக்காரு. அது செல்லாது. ஆறு மாசம் முடிஞ்சதும் வழக்கு காலாவதி ஆயிருச்சு. புதுசாப் போடணும்னா, இன்னைக்கு அந்த வீடு தூதரகம். தூதரகத்தக் காலி பண்ணச் சொல்ல இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்ல. அந்தத் தாள் முறைப்படி போயிருந்தா, வீடு தூதரகம் ஆகுறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்திருக்கும். முடிவும் வேற மாதிரி இருந்திருக்கும்."

பக்கத்துக் கடையில் தட்டு கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"கிளார்க்னா?"

"நான்தான் அக்கா."

"வக்கீலம்மா அமைச்சு மூலமா அனுப்பச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"அந்தப் பேப்பரு?"

"ரெடி பண்ணி வச்சேன். அனுப்பல. டிராயர்ல இருந்துச்சு."

"இப்பவும் இருக்கா?"

"இருக்கு."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். கணக்குப் புரியாத பிள்ளை கரும்பலகையைப் பார்ப்பது போல் பார்த்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை. "நீங்க அன்னைக்கு அப்படி அழுதீங்க அக்கா. எனக்கு மனசு கேக்கல. அதனாலதான்..." என்று ஆரம்பித்தேன்.

"நான் அழுதா அழாதீங்கன்னு சொல்லியிருக்கணும் தம்பி" என்றார். குரலை உயர்த்தவில்லை. "வேலைய மாத்திச் செய்யுங்கன்னு நான் கேக்கலையே. நாலு மாசம்னா நாலு மாசம் இருந்திருப்பேன். இப்ப ஒன்றர வருசம் ஆச்சு. அவரும் இருக்காரு."

தூக்கிலே தொங்கலாம் என்று நினைக்கிற அளவுக்கு வெட்கம். ஆனாலும் கிளார்க் புத்தி போகவில்லை. நஷ்டஈட்டைப் பற்றிச் சொன்னேன். எங்கள் அலுவலகத்தின் மேல் அவர் வழக்குப் போடலாம், எங்கள் தவறுக்குப் பணம் கொடுக்கக் காப்புறுதி இருக்கிறது, நான் வந்து உண்மையைச் சொல்கிறேன், நிச்சயம் ஜெயிப்பார்.

"எத்தன நாளாகும்?"

"ரெண்டு வருசம். மூணும் ஆகலாம்."

"அதுக்குள்ள அவரு?"

டீயில் ஆடை படிந்துவிட்டது. அக்கா நகைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கைக்குட்டையில் வைத்து முடிந்து, பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து என் முன்னால் வைத்தார். வரும்போதே கொண்டுவந்திருக்கிறார். ஜெயித்தால் எழுத வேண்டிய கடிதத்துக்காக இருக்கும்.

"மணி பதினொண்ணாகுது. அஞ்சு மணிக்குள்ள அங்க சொல்லணும். எழுதுங்க."

"நான் எழுதணுமா அக்கா?"

"வேற யாரு இருக்கா எனக்கு? தங்கச்சிகிட்ட இன்னும் சொல்லல. இங்கிலீசுல எழுதுங்க."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். என் கணவரை அழைத்துப்போக முடியவில்லை. அவர் அங்கேயே இருக்கட்டும். அந்தப் படுக்கையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். மூன்றாவது வாக்கியத்தோடு நிறுத்திவிட்டு யோசித்தார். "அவரக் கூட்டிப் போக எங்களுக்கு வீடு இல்லன்னு எழுதுங்க."

"வீடு இருக்குன்னுதான் அக்கா அவங்க ரெக்கார்டுல இருக்கு. இல்லன்னு எழுதினா கேள்வி கேப்பாங்க."

"அப்ப அத விடுங்க" என்றார். "அவருக்கு ராத்திரி தண்ணி வேணும்னா எடது கைய ரெண்டு தடவ தூக்குவாரு. அத எழுதுங்க. அங்க உள்ளவங்களுக்குத் தெரியட்டும்."

அதை எழுதும்போது எனக்கு எழுத்து மறைந்தது. துடைத்துக்கொண்டு எழுதினேன். அக்கா அழவில்லை. என் கண்ணீரை அவர் பார்த்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போட எங்கே என்று கேட்டார். விரலால் காட்டினேன். தமிழில் பொறுமையாக, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார்.

முப்பத்தொரு வருடப் பழக்கம். தாளை மூன்றாக மடித்தேன், உறையில் போட்டேன், விலாசத்தை எழுதினேன், என் தோள்பையின் பக்கவாட்டில் செருகிக்கொண்டு எழுந்தேன். "நீங்க வீட்டுக்குப் போங்க அக்கா. நான் இப்பவே கொண்டுபோய்க் குடுத்துர்றேன். பஸ்ஸுல அரை மணி நேரந்தான்" என்றேன். இதையாவது செய்கிறேனே என்று என் குரல் கெஞ்சியது எனக்கே கேட்டது.

அக்கா உட்கார்ந்தபடியே கையை நீட்டினார்.

"வேண்டாம் தம்பி. இத நானே கொண்டுபோறேன்."

பையிலிருந்து உறையை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.